பைத்தன்ல இருந்து வீட்டு பிட்கொயின் நோட்டுக்கு இணைப்பு எடுபடேல்லை – லைப்ரரியை மாத்தோணுமா?

உவர்மலை_மாணவன்

எல்லாருக்கும் வணக்கம். கம்பஸ் கடைசி வருஷ புரொஜெக்டுக்கு ஒரு சின்ன சிஸ்டம் எழுதுறன். உப்புவெளிப் பக்கம் இருக்கிற கெஸ்ட்ஹவுஸ் மாதிரி ஒரு இடத்துக்கு வெள்ளைக்காரர் யாரும் பிட்கொயின்ல காசு அனுப்பினால், அது வந்திட்டுதா, எத்தனை கொன்ஃபர்மேஷன் (புளொக்குகளால உறுதி) ஆச்சு எண்டு ரிசெப்ஷன் திரையில காட்டோணும். உண்மைக் காசு இல்லை, சிக்னெட் எண்ட பரிசோதனை நெட்வேர்க் மட்டும்தான்.

வீட்டில பழைய டெஸ்க்டொப்பில உபுண்டு போட்டு பிட்கொயின் கோர் (அதுதான் நோட், பிட்கொயின் நெட்வேர்க்கில சேருற மென்பொருள்) ஓடவிட்டிருக்கிறன். அந்த மெஷின்லயே இருந்து பைத்தன்-பிட்கொயின்ஆர்பிசி லைப்ரரியால (ஆர்பிசி எண்டது வெளிப் புரோகிராம் நோட்டிட்டக் கேள்வி கேட்கிற வழி) 127.0.0.1ஐக் கூப்பிட்டால் எல்லாம் ஒழுங்கா வருது. அதே வைஃபையில இருக்கிற லப்டொப்பில இருந்து கூப்பிட்டால் 'கனெக்ஷன் ரிஃபியூஸ்ட்'. போர்ட் 38332தான் குடுத்திருக்கிறன். கொன்ஃபிக் ஃபைல் கீழ (போன்ல தமிழ்க் கீபோர்ட், அதால பெயர்களை இப்பிடியே அடிக்கிறன்):

சிக்னெட்=1
சேர்வர்=1
ஆர்பிசியூசர்=
ஆர்பிசிபாஸ்வேர்ட்=
ஆர்பிசிஅலவ்ஐபி=192.168.1.0/24
ஆர்பிசிபைண்ட்=192.168.1.20

192.168.1.20 எண்டது டெஸ்க்டொப். லைப்ரரி பழசு எண்டு ஒரு நண்பன் சொல்லுறான். வேற ஒண்டுக்கு மாறினால் சரிவருமா?

மூதூர்_டெவ்

ஃபயர்வோல் பார்த்தீங்களா? யூஎஃப்டபிள்யூ ஓனா இருந்தால் 38332ஐத் திறந்து விடோணும். இல்லாட்டி பைத்தன்-பிட்கொயின்லிப் எடுத்துப் பாருங்கோ, நான் அதைத்தான் பாவிக்கிறன்.

வெண்மணல்

தம்பி, லைப்ரரியில கை வைக்காதீங்கோ. அது செய்யிறது கொஞ்ச வேலைதான். மெத்தட் பெயரையும் பராமீட்டரையும் ஜேசனாக்கி, யூசர்நேம் பாஸ்வேர்டை ஹெடர்ல போட்டு, நோட்டுக்கு ஒரு எச்டிடிபி போஸ்ட் அனுப்புது. வாற பதிலைப் பிரிச்சுத் தருது. லப்டொப்பில இருந்து கேர்ள் எண்ட வெறும் கட்டளையால அடிச்சாலும் இதே பதில்தான் வரும், அடிச்சுப் பாருங்கோ.

ஃபயர்வோல் எண்டும் நான் நினைக்கேல்லை. யூஎஃப்டபிள்யூ மறிச்சால் சாதாரணமா பக்கெட்டைச் சத்தமில்லாமல் போட்டுவிடும், அப்ப டைம்அவுட் வரும். ரிஃபியூஸ்ட் எண்டால் மெஷின் பதில் சொல்லுது, ஆனா அந்த முகவரியில அந்த போர்ட்டை ஒருத்தரும் கேட்டுக்கொண்டு இல்லை. பாஸ்வேர்ட் பிழையெண்டால் 401 வந்திருக்கும். ஐபிக்கு அனுமதி இல்லையெண்டால் 403. நீங்கள் இன்னும் அந்த வாசலுக்கே வந்து சேரேல்லை.

இப்ப உங்கட ஃபைலை உங்கட கதையோட சேர்த்து வாசியுங்கோ. பைண்ட் வரியில 192.168.1.20 மட்டும்தான் இருக்கு. நோட் அந்த வரியை மதிச்சிருந்தால் 127.0.0.1இல அது கேட்கவே கூடாது, அதே மெஷின்ல இருந்து கூப்பிட்டாலும் ரிஃபியூஸ்ட் வந்திருக்கோணும். உங்களுக்கு நேர்மாறா நடக்குது. அப்ப நோட் அந்த வரியை எடுக்கவே இல்லை.

ஏன் எடுக்கேல்லை எண்டால், 0.17 பதிப்பில இருந்து சில வரிகள் மேல சும்மா எழுதிக் கிடந்தால் மெயின்நெட்டுக்கு (உண்மைக் காசு ஓடுற நெட்வேர்க்) மட்டும்தான் செல்லும். ஆர்பிசிபைண்ட், ஆர்பிசிபோர்ட், வொலட், அட்நோட் எல்லாம் அந்த வகை. மற்ற நெட்வேர்க்குக்கு அதுக்குரிய பகுதித் தலைப்புக்குக் கீழ எழுதோணும். ஆர்பிசிஅலவ்ஐபிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, மேலயே கிடக்கலாம். ஃபைல்ட கடைசியில இப்பிடிச் சேருங்கோ:

[சிக்னெட்]
ஆர்பிசிபைண்ட்=127.0.0.1
ஆர்பிசிபைண்ட்=192.168.1.20

மேல இருக்கிற பழைய பைண்ட் வரியை எடுத்துவிட்டு, நோட்டை நிப்பாட்டித் தொடங்குங்கோ. அதுக்கு முதல் டேட்டா ஃபோல்டருக்குள்ள சிக்னெட் ஃபோல்டர்ல டிபக்.லொக்கைத் திறந்து பாருங்கோ. பைண்ட் இல்லாமல் அலவ்ஐபி மட்டும் குடுத்திருக்கு, இதில அர்த்தமில்லை எண்ட மாதிரி ஒரு எச்சரிக்கை கிடக்கோணும்.

உவர்மலை_மாணவன்

அக்கா, லொக்ல அந்த எச்சரிக்கை அப்பிடியே இருக்கு! பகுதித் தலைப்புப் போட்டவுடன லப்டொப்பில இருந்து கெட்புளொக்செயின்இன்ஃபோ பதில் வந்திட்டுது. லைப்ரரி அதே லைப்ரரிதான்.

அடுத்த கேள்வி. பகல்ல நான் கோணேசபுரி கம்பஸ்ல. அங்க இருந்து வீட்டு நோட்டைப் பிடிக்கோணும். ரூட்டர்ல 38332ஐ போர்ட் ஃபோர்வேர்ட் பண்ணி, அலவ்ஐபியை 0.0.0.0/0 எண்டு மாத்தினால் சரிதானே?

துறையடி

தம்பி அத மட்டும் செய்யாதீங்க. ராவைக்கு எஞ்சினோட தோணியக் கடற்கரையில விட்டுட்டு வீட்ட போய்ப் படுக்கிற வேல அது.

மூதூர்_டெவ்

நானா, சிக்னெட் காசுக்கு ஒரு சதமும் பெறுமதியில்லை. யார் வந்து எதைக் களவெடுக்கப் போறான்? பாஸ்வேர்டும் இருக்கு. பிழையான பாஸ்வேர்டுக்கு நோட் ஒவ்வொரு தடவையும் 250 மில்லிசெக்கன் பொறுத்துத்தான் பதில் சொல்லும், ஊகிச்சுப் பிடிக்கிறதும் லேசில்லை. படிக்கிற பிள்ளைக்கு இவ்வளவு பயங்காட்டத் தேவையில்லை எண்டு நினைக்கிறன்.

துறையடி

களவெடுக்க காசுதான் வேணுமெண்டு இல்ல தம்பி. ஊகிக்கிற வேலையும் இல்ல. அந்த இணைப்புல பாஸ்வேர்ட் பேஸ்64ல போகுது, அது பூட்டு இல்ல, எழுத்து மாத்திப் போடுறது அவ்வளவுதான். நடுவுல நிண்டு பாக்கிறவன் வாசிச்சிருவான். முந்தி ஆர்பிசிக்கு எஸ்எஸ்எல் எண்ட பூட்டுற வசதி இருந்திச்சி, 0.12ல அதத் தூக்கிட்டாங்க. ஏன் தூக்கினாங்க? வெளி உலகத்துக்குத் திறந்து வைக்கிற கதவா அவங்க இத நெனைக்கல்ல.

இன்னொண்டு. இண்டைக்கு சிக்னெட், புரொஜெக்ட் முடிஞ்சி நாளைக்கு மெயின்நெட்டுக்குப் போகக்குள்ள இதே கொன்ஃபிக்கத்தான் ஆள் கொப்பி பண்ணும். நான் கண்டிருக்கன்.

வெண்மணல்

நானா சொல்லுறதோட நான் நிக்கிறன். பாஸ்வேர்ட் கிடைச்சவன் ஸ்டொப் எண்டு ஒரு சொல் அனுப்பி நோட்டையே நிப்பாட்டலாம், வொலட்டுக்குள்ள துழாவிப் பார்க்கலாம், பாரமான கேள்வியளாக் கேட்டு மெஷினைத் திணறடிக்கலாம்.

அதைவிட, போர்ட் ஃபோர்வேர்ட் உங்களுக்குச் சரிவராமலே போகலாம். வீட்டில சிம் போடுற 4ஜி ரூட்டரெண்டால் அதுட டபிள்யூஏஎன் முகவரியைப் பாருங்கோ. 100.64இல இருந்து 100.127க்குள்ள தொடங்குதெண்டால் உங்களுக்குத் தனிப் பொது ஐபி இல்லை, கன வீட்டுக்கு ஒரே ஐபி. வெளியில இருந்து தட்டினால் உங்கட ரூட்டருக்கே வந்து சேராது.

செய்யக்கூடிய வழி: ஆர்பிசியை 127.0.0.1இலயே விட்டுவிட்டு எஸ்எஸ்எச் சுரங்கம் போடுங்கோ. லப்டொப்பில

எஸ்எஸ்எச் -எல் 38332:127.0.0.1:38332 யூசர்@வீட்டுமெஷின்

எண்டு ஓடவிட்டால் பைத்தன் கோட் 127.0.0.1:38332ஐத்தான் கூப்பிடும், மிச்சத்தை எஸ்எஸ்எச் பூட்டிக் கொண்டுபோகும். எஸ்எஸ்எச்சில பாஸ்வேர்ட் உள்நுழைவை நிப்பாட்டிக் கீ மட்டும் வையுங்கோ. பொது ஐபி இல்லாத வீட்டுக்கு, டோர் எண்ட மறைவு நெட்வேர்க்கில ஒரு ஒனியன் சேவை உண்டாக்கி 22ஆம் போர்ட்டை அதுக்குள்ளால விடலாம். டோர் உள்ள இருந்து வெளியில போய்த்தான் இணைப்பை எடுக்குது, அதால ரூட்டர்ல ஒண்டும் திறக்கத் தேவையில்லை. கொஞ்சம் ஆறுதலா இருக்கும், ஆனா ஆர்பிசி பதில்கள் சின்னதுதானே.

இப்பிடிச் செய்தால் முதல்ல நாங்கள் பாடுபட்டுச் சேர்த்த 192.168.1.20 வரியே தேவையில்லை. எடுத்துவிடுங்கோ, அலவ்ஐபியையும் சேர்த்து.

பாஸ்வேர்ட் கதை வந்ததால இதையும் சொல்லிப்போட்டு விடுறன். ஆர்பிசிபாஸ்வேர்ட் எண்டு வெறுமையா ஃபைல்ல எழுதுறதைவிட ஆர்பிசிஓத் நல்லது. கோரோட வாற சின்ன பைத்தன் ஸ்கிரிப்ட் ஒண்டு உப்புச் சேர்த்த ஹாஷைத் தரும், ஃபைல்ல அது மட்டும் கிடக்கும். அதோட ஆர்பிசிவைட்லிஸ்ட். உங்கட யூசருக்கு லிஸ்ட்சின்ஸ்புளொக், கெட்நியூஅட்ரஸ், கெட்புளொக்செயின்இன்ஃபோ மூண்டும் போதுமெண்டால் அந்த மூண்டை மட்டும் எழுதிவிடுங்கோ, மிச்சம் எல்லாம் மறுக்கப்படும்.

கொழும்பு_மெயில்

இவ்வளவு நேரமும் வாசிச்சன். ஒருத்தரும் கேட்காத கேள்வி: ஏன் நோட்? புளொக்செயின் எக்ஸ்புளோரர் ஏபிஐ எத்தினையோ சும்மா கிடக்கு. ஒரு முகவரியைக் குடுத்தால் நிலுவையைச் சொல்லும். பத்து வரிக் கோட். மெயின்நெட் நோட் எண்டால் 600 ஜிபிக்கு மேல. எங்கட டேட்டா பக்கேஜில அதை இறக்க வெளிக்கிட்டால் வீட்டில சண்டைதான் வரும். புரூன் பண்ணி (பழைய புளொக்கை அழிச்சு) 550 எம்பில வைக்கலாம் எண்டு சொல்லுவீங்கள், டிஸ்க்தான் மிச்சம், டவுன்லோட் முழுக்க ஒருக்கா செய்யத்தானே வேணும்.

உவர்மலை_மாணவன்

சிக்னெட் சின்னது அண்ணா, இறங்கி முடிஞ்சுது. சேர் கேட்டதும் சொந்த நோட்தான்.

வெண்மணல்

கொழும்பு மெயில் சொல்லுற கணக்கு சரி, புரூன் விஷயம் உட்பட. ஆனா ஏபிஐக்காரனிட்ட உங்கட கெஸ்ட்ஹவுஸ்ட முகவரி எல்லாத்தையும் ஒண்டுவிடாமல் குடுக்கிறியள். எந்த ஐபியில இருந்து, எந்த நேரம், எந்த முகவரிக்குக் காசு வந்ததெண்டு அவன் கோர்த்து வைக்கலாம். அவன் 'காசு வந்திட்டுது' எண்டு சொன்னால் நீங்கள் நம்பி அறைச் சாவியைக் குடுக்கிறியள். பொய் சொன்னால் பிடிக்க உங்களிட்ட ஒண்டும் இல்லை. எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

கொழும்பு_மெயில்

அக்கா, ரெண்டு அறை உள்ள கெஸ்ட்ஹவுஸ்காரனுக்கு இந்தளவு சந்தேகம் வேணுமா? பாங்க் சொல்லுறதை நம்புறம், காட் மெஷின் சொல்லுறதை நம்புறம். ரெண்டு வேற வேற ஏபிஐயைக் கேட்டு, ரெண்டும் ஒத்துவந்தால் சரி எண்டு எழுதினாலும் போச்சு. நோட்டைப் பார்க்க ஒரு ஆள் வேணும், அதுதான் உண்மையான செலவு.

துறையடி

ஆள் செலவு எண்ட கதைய நான் ஒத்துக்கிறன். கரண்ட் கதையும் சேத்துக்கங்க. 2022ல 13 மணித்தியாலம் வெட்டினது ஞாபகம்தானே. இப்ப அந்தளவு இல்ல, எண்டாலும் சட்டெண்டு போயிட்டு வரும். நோட் ஒழுங்கா நிப்பாட்டாமச் செத்தா, மெமரியில வச்சிருந்த மாத்தம் டிஸ்க்குக்கு எழுதுப்படாமப் போயிரும், திரும்பத் தொடங்கக்குள்ள கடைசியா எழுதின இடத்துல இருந்து மறுபடி ஓடிப் பிடிக்கோணும். டிபிகேஷ் (நோட் மெமரியில சேத்து வைக்கிற அளவு) எவ்வளவு பெரிசா வச்சிருக்கீங்களோ அவ்வளவுக்கு இழப்பும் பெரிசு. நெட்டுல எல்லாரும் டிபிகேஷக் கூட்டு, வேகம் வரும் எண்டு எழுதுவாங்க. யூபிஎஸ் இல்லாத வீட்டுக்கு அந்த புத்தி செல்லாது. 450 எம்பில வைங்க.

டேட்டாக்கு: லிசின்=0, புளொக்ஸ்ஒன்லி=1. புளொக்ஸ்ஒன்லி போட்டா மெம்பூல்ல (புளொக்குல ஏறக் காத்திருக்கிற பரிமாற்றங்கள்) வாறத நோட் கேக்காது. உங்கட திரையில 'காசு வந்துகொண்டிருக்கு' எண்டு காட்டோணுமெண்டா அதப் போடாதீங்க.

உவர்மலை_மாணவன்

எஸ்எஸ்எச் வழி வேலை செய்யுது, கம்பஸ் வைஃபையில டோர் எடுபடேல்லை, போன் ஹொட்ஸ்பொட்ல சரி.

புதுசா ஒண்டு. நோட் தொடங்கினவுடன கூப்பிட்டால் -28 எண்டு எரர். அதைவிடத் தொல்லை: புரோகிராம் ஒரு நிமிஷத்துக்கு ஒருக்கா கேட்குது, முதல் தடவை பதில் வருது, அடுத்த தடவை 'புரோக்கன் பைப்'. லூப்பைப் பத்து செக்கனுக்கு ஒருக்கா ஆக்கினால் வராது. ஏன்?

மூதூர்_டெவ்

இதுக்கு என்னட்ட பதில் இருக்கு. நோட்ட ஆர்பிசிசேர்வர்டைம்அவுட் 30 செக்கன். அவ்வளவு நேரம் சும்மா கிடக்கிற இணைப்பை அது மூடிவிடும். லைப்ரரி பழைய இணைப்பைக் கையில வச்சுக்கொண்டு அதிலயே எழுதப் பார்க்குது, பைப் உடைஞ்சுபோய்க் கிடக்கு. ஒவ்வொரு சுத்துக்கும் லைப்ரரிட இணைப்பான ஓத்சேர்விஸ்புரொக்சியைப் புதுசா உண்டாக்குங்கோ, செலவு ஒண்டும் இல்லை. திரெட் ஒண்டுக்கு மேல ஓடுதெண்டால் ஒவ்வொண்டுக்கும் தனித்தனி.

-28 எரர் இல்லை, நோட் இன்னும் எழும்புது எண்ட அறிவிப்பு. கொஞ்சம் பொறுத்துத் திரும்பக் கேளுங்கோ. அது முடிஞ்ச பிறகும் இனிஷியல்புளொக்டவுன்லோட் எண்ட இடத்தைப் பாருங்கோ, அது ட்ரூவில இருந்து ஃபோல்ஸ் எண்டு மாறும் வரைக்கும் திரையில நிலுவை எண்டு ஒண்டையும் காட்டாதீங்கோ.

வெண்மணல்

மூதூர் டெவ் சொன்னது முழுக்கச் சரி. லைப்ரரியில உண்மையாவே கவனிக்க வேண்டிய இடம் இன்னொண்டு இருக்கு, அது காசுக் கணக்கு. இந்த லைப்ரரி ஜேசன்ல வாற தசம எண்ணை டெசிமலாத் தருது, நல்லம். நீங்கள் நடுவில எங்கேயும் ஃபுளோட் ஆக்கினால் கெட்டுது. பைத்தன்ல இதை அடிச்சுப் பாருங்கோ: 0.29ஐ 100000000ஆல பெருக்கி இன்ட் ஆக்குங்கோ. 29000000 வராது, 28999999 வரும். ஒரு சடோஷி (பிட்கொயின்ட பத்துக் கோடியில ஒரு பங்கு) குறையுது. 'கேட்ட தொகை வந்ததா' எண்டு உங்கட புரோகிராம் ஒப்பிட்டால் முழுக்காசு தந்த ஆளைக் குறைச்சுத் தந்தவர் எண்டு சொல்லும். டேட்டாபேஸ்ல சடோஷியா, முழு எண்ணா வையுங்கோ. ஜாவாஸ்கிரிப்ட்ல முகப்பு எழுதுறதெண்டாலும் பயமில்லை, 2 கோடி 10 லட்சம் பிட்கொயினையும் சடோஷியாக்கினால்கூட 2இன் 53ஆம் அடுக்குக்குள்ள அடங்கும்.

காசு வந்ததைப் பார்க்கிறதுக்கு ஒவ்வொரு முகவரியாக் கேட்டுக்கொண்டு திரியாதீங்கோ. லிஸ்ட்சின்ஸ்புளொக்கைக் கூப்பிடுங்கோ. முதல்தரம் ஒண்டும் குடாமல், பிறகு அது தாற லாஸ்ட்புளொக் ஹாஷைச் சேமிச்சு அடுத்ததரம் திருப்பிக் குடுங்கோ. டார்கெட்கொன்ஃபர்மேஷன்ஸ் 6 எண்டு வச்சால், 6 ஆகிற வரைக்கும் அதே பரிமாற்றம் திரும்பத் திரும்ப வந்து எண்ணிக்கை கூடிக்கொண்டு போறதைக் காணலாம். சங்கிலி மாறி ஒரு புளொக் கழண்டுபோனால் ரிமூவ்ட் எண்ட பட்டியல்ல அதையும் சொல்லும். கன பேர் இதைக் கவனிக்கிறதில்லை.

வொலட்: 0.21க்குப் பிறகு நோட் தானா வொலட் உண்டாக்காது. கிரியேட்வொலட்ல பிரைவேட் கீயை டிசேபிள் பண்ணி, இம்போர்ட்டிஸ்கிரிப்டர்ஸால பொதுக் கீயை மட்டும் ஏத்துங்கோ. அப்ப அந்த டெஸ்க்டொப்பை ஆரும் தூக்கிக்கொண்டு போனாலும் காசைச் செலவழிக்கேலாது. ஒண்டுக்கு மேல வொலட் திறந்திருந்தால் யூஆர்எல்ட கடைசியில சிலாஷ் வொலட் சிலாஷ் பெயர் சேர்க்கோணும், இல்லாட்டி -19 வரும்.

துறையடி

வைவா அண்டைக்கு சிக்னெட்டையும் நம்பாதீங்க. அங்க ஒரு புளொக் வாறதுக்கு சராசரி பத்து நிமிஷம், சேர்மார் கொட்டாவி விடுவாங்க. உங்கட மெஷினுக்குள்ளயே ஓடுற பரிசோதனைச் சங்கிலி ரெக்டெஸ்ட்ல ஓடுங்க, போர்ட் 18443. நெட்டே தேவல்ல. ஜெனரேட்டுஅட்ரஸால 101 புளொக் எடுத்தாத்தான் முதல் 50 கொயின் செலவழிக்கலாம், ஏனெண்டா வெட்டி எடுத்த கொயின் 100 புளொக் பழுக்கோணும். ஃபோல்பேக்ஃபீ ஒரு பெறுமதி போட்டு வைங்க, இல்லாட்டி காசு அனுப்பக்குள்ள கட்டணத்த மதிப்பிட ஏலா எண்டு நிண்டுரும். கொன்ஃபிக்ல ரெக்டெஸ்ட்டுக்கும் தனிப் பகுதி, மேல அக்கா சொன்ன அதே விஷயம்.

பாலையூற்றான்

குறுக்க வாறதுக்கு மன்னிக்கோணும். இது இலங்கையில சட்டமா?

கொழும்பு_மெயில்

நோட் ஓடவிட்டுப் பரிசோதனைக் கொயின்ல கோட் எழுதுறதில ஒருத்தருக்கும் பிரச்சினை வந்ததா நான் கேள்விப்படேல்லை. உண்மைக் காசு வேற. மெய்நிகர் நாணயத்துக்கு அனுமதிப்பத்திரம் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை எண்டு மத்திய வங்கி பொதுமக்களுக்கு எச்சரிக்கை விட்டிருக்கு. வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்குக் கீழ 2021இல வந்த பணிப்புரைப்படி டெபிட், கிரெடிட் காட்டால இதுக்குக் காசு கட்டவும் ஏலாது. கெஸ்ட்ஹவுஸ்காரர் உண்மையா வாங்க வெளிக்கிட்டால் முதல்ல ஒரு சட்டத்தரணியிட்டப் போகோணும். புரொஜெக்ட் ரிப்போர்ட்ல தம்பி இதையும் ஒரு பந்தி எழுதினால் சேர்மார் கேட்க முதலே பதில் இருக்கும்.

உவர்மலை_மாணவன்

எழுதுறன் அண்ணா. இப்ப லிஸ்ட்சின்ஸ்புளொக்குக்கு மாத்திட்டன், புரொக்சியும் ஒவ்வொரு சுத்துக்கும் புதுசு, புரோக்கன் பைப் வரேல்லை. ஏபிஐ பற்றி நீங்கள் சொன்னதையும் விடேல்லை, நோட் சொல்லுறதோட ஒரு ஏபிஐ சொல்லுறதைப் பக்கத்தில வச்சு ஒப்பிடுற ஒரு பக்கம் சேர்த்திருக்கிறன், அக்காவுக்குப் பிடிக்காது.

வெண்மணல்

ரெக்டெஸ்ட்ல செய்யுறதெண்டால் அந்த ஏபிஐக்கு உங்கட சங்கிலியே தெரியாது, அந்தப் பக்கம் வெறுமையா நிக்கும் 😄 வைவாவில அதை சிக்னெட்ல மட்டும் காட்டுங்கோ.

கல்லடி_இரவு

மட்டக்களப்பில இருந்து. இதே மாதிரி எத்தீரியத்துக்கு வெப்3 பைத்தன் லைப்ரரியால கெத் நோட்டைப் பிடிக்கலாமா? போர்ட் 8545 எண்டு தெரியும்.

துறையடி

பிடிக்கலாம், ஆனா ரெண்டு விஷயம். எத்தீரியம் மைனிங்க விட்ட 2022 செப்டம்பர் மெர்ஜுக்குப் பிறகு கெத் தனிய ஓடினா சங்கிலியப் பின்தொடராது, கொன்சென்சஸ் கிளையண்ட் ஒண்டும் பக்கத்துல ஓடோணும். அதுக ரெண்டும் 8551ல ஜேடபிள்யூடி சாவியோட கதைக்கும். மற்றது, 8545ல பாஸ்வேர்ட் எண்ட சாமானே கிடையா. மேல சொன்ன எஸ்எஸ்எச் கத அங்க இன்னும் கட்டாயம். மிச்சத்துக்குப் புது இழை திறங்க தம்பி, இது நீண்டு போச்சு.